அந்தப் படத்தில் இல்லாத தழும்பு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுத வரவில்லை. உன் தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பதறாதே, உயிருக்குப் பயமில்லை என்று டாக்டரம்மா இன்று காலையில் சொல்லிவிட்டார். ஃபோனில் சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிடுவோம். அதனால் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

போன செவ்வாய்க்கிழமை சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், காலேஜிலிருந்து ஃபோன், சின்னவள் படிக்கட்டில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று. பெட்டியை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை, போட்டது போட்டபடி ஓடினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். வீட்டில் எந்நேரமும் தொளதொள சட்டைக்குள்ளேயே இருந்தாள், குளிருது என்பாள், நானும் நம்பினேன். தட்டோடு அறைக்குள் போவாள், காலித் தட்டோடு வருவாள். சாப்பாடெல்லாம் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பூனைகளுக்குப் போயிருக்கிறது. இந்தப் பூனைகள் ஏன் இப்படிக் கொழுத்துப்போய்த் திரிகின்றன என்று சிரித்தவள் நான்தான். "இதயத் துடிப்பு ரொம்பக் கம்மியா இருக்கும்மா, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நம்ம கையில இல்ல" என்றார் டாக்டரம்மா. அப்பா ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேரைப் பாதியில் விட்டுவிட்டு கிரீஸ் கையோடு ஓடிவந்தார், அழுக்காகிவிடும் என்று கட்டிலைத் தொடாமல் எட்டி நின்று அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கேட்கக் கேட்க அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள்தான் வாயைத் திறந்தாள். "அக்கா மாதிரி இடுப்பு வேணும்" என்றாள்.

எந்த இடுப்பு தெரியுமா? கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் ஆளுயரத்துக்கு நிற்கிறாயே, அந்த ஜீன்ஸ் விளம்பரத்து இடுப்பு. துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் என் மூத்தவள் என்று நான் பீற்றிக்கொண்ட படம். ஆனால் முதல் நாளே எனக்கு என்னவோ உறுத்தியது. குடல்வால் ஆபரேஷன் தழும்பு இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று தோல், ஒரு கையால் வளைத்துப் பிடித்துவிடலாம் போல இடுப்பு. அதற்குள் மனுஷி குடலை எங்கே வைத்துக்கொள்வாள்? "அது உங்க அக்கா இடுப்பே இல்லடி, கம்ப்யூட்டர்ல செதுக்கினது" என்று அவளிடம் சொன்னேன். நம்பவில்லை. "உனக்கு என்னம்மா தெரியும்? நான் அக்காகிட்டயே கேட்டேன். பசிய கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, அப்புறம் பழகிடும்னு அவதான் சொன்னா" என்றாள்.

மறைக்காமல் சொல்கிறேன், வராந்தாவில் நின்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீயெல்லாம் ஒரு அக்காவா என்றுகூடக் கேட்டேன். அப்பா தடுக்கவில்லை. நான் ஓய்ந்த பிறகு மெதுவாக, "பசி பழகிடும்னு அவளுக்கு எப்படிடி தெரிஞ்சது?" என்றார். ஃபோனில் சாப்பிட்டாயா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சாப்பிட்டாச்சும்மா என்று நீ சொல்வதெல்லாம் அப்போதுதான் காதில் விழுந்தது. உன்னையும் அந்த விளம்பரக்காரர்கள் பட்டினி போட்டிருக்கிறார்கள், அது போதாதென்று படத்திலும் சீவித் தள்ளியிருக்கிறார்கள். அந்த இடுப்பு உனக்கே கிடையாது, அதற்காக இவள் செத்துப் பிழைத்திருக்கிறாள்.

வேலையை விட்டுவிடு என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன், அதை நேரில் பேசலாம். படத்தில் என்ன செய்தார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பதாக ஒரு தடவை சொன்னாய். ஊருக்குச் சொல்ல வேண்டாம், இவள் ஒருத்தியிடம் சொல். மேக்கப்பை எல்லாம் கழுவிவிட்டு வீடியோவில் வந்து உன் தழும்பைக் காட்டு. பசித்ததையும் சொல், பழகவே இல்லை என்பதையும் சொல். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், நீ சொன்னால்தான் ஏறும். நீயும் ஒரு டாக்டரிடம் போய்க் காட்டு. லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டாலும் வா.

நேற்று சாயங்காலம் நர்ஸ் ஊட்ட ஊட்ட நாலைந்து ஸ்பூன் சாப்பிட்டாள். கடைசி வாயை வைத்துக்கொண்டு அழுதாள், ஆனால் துப்பவில்லை, விழுங்கிவிட்டாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க அக்காவுக்கு யாரும்மா ஊட்டுவாங்க?" என்றாள்.

நீங்கள் இருவரும் வயிறு நிறைந்து, மனசு நிறைந்து நன்றாக இருக்க வேண்டும், வேறொன்றும் கேட்க மாட்டேன். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். இதைப் படித்து முடித்ததும் முதலில் எதையாவது சாப்பிடு, மறக்காதே. அப்புறம் கூப்பிடு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்றவள்