நஞ்சப்பன் வாசலில் ஏழு வீட்டு மாடுகள்

நவம்பர் 3

வெள்ளச்சி இன்றும் கறக்க விடவில்லை. வானம் மூடினாலே அதற்கு இப்படித்தான், காலை உதறும். தீர்த்தமலை உச்சி காலையிலிருந்து தெரியவில்லை. இந்த வருஷம் மழை வழக்கத்தைவிட அதிகம் என்று போனில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஊரில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எனக்குத்தான் இல்லை. எங்கள் ஏழு வீடும் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கின்றன. கரை உடைந்தால் தண்ணீர் முதலில் என் அடுப்படிக்குத்தான் வரும்.

நவம்பர் 5

கோடியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம் அது. வழிய எங்கே விட்டார்கள்? வறட்சி வந்த வருஷம், ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று உரச் சாக்கில் மண் நிரப்பி இடுப்பு உயரத்துக்கு அடுக்கினார்கள். இப்போது புல் முளைத்து, வேர் பிடித்து, கரையோடு கரையாகிவிட்டது. தண்ணீர் அந்தச் சாக்கில் பாதி ஏறி நிற்கிறது. இனி பெய்வதெல்லாம் எங்கே போகும்? கரையைத்தான் அறுக்கும். இது தெரியாதவர்கள் யாரும் இந்த ஊரில் இல்லை. ஆனால் தண்ணீரைப் போக விட ஒருத்தருக்கும் மனசு வராது. டேங்கர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடின ஊர் இது. நானும்தான் ஓடினேன்.

நவம்பர் 6

நஞ்சப்பண்ணாவிடம் போய்க் கேட்டேன். சாக்கு அடுக்கும்போது முன்னால் நின்றவர் அவர். அவர் சொன்னால்தான் ஊர் கேட்கும். மேட்டில் வீடு, அகலமான வாசல், கார் கொட்டகை.

"அண்ணா, மேல ரெண்டு வரிசையாவது எடுத்து வுடுங்க."

"எத்தன வருஷம் கழிச்சு ஏரியில தண்ணி நிக்குது. அத வெளிய வுடச் சொல்றியே ராணி, நல்லாவா இருக்குது?"

"கரை தாங்குமாண்ணா?"

"எல்லாம் தாங்கும். மழை இங்க இடிக்கும், பெய்யறது பெங்களூர்ல பெய்யும்."

டீ கொடுத்து அனுப்பினார். டீ நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

நவம்பர் 8

மழை பெங்களூருக்குப் போகவில்லை. இங்கேதான் பெய்கிறது.

நவம்பர் 9

இவர் ஓசூரிலிருந்து வந்தார். கம்பெனியில் லீவு. பட்டா, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினேன். கிணற்று மோட்டாரை இவர் கழற்றி மேலே தூக்கி வைத்தார். "ஊரப் பகைச்சிக்காத, சகாயம்," என்றார். கல்யாணம் ஆன நாளாக இதையேதான் சொல்கிறார். ஊருக்கு நான் ராணி, இவருக்கு மட்டும் சகாயம். போன புயலில் ஊத்தங்கரையில் வண்டிகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதைப் போனில் காட்டினேன். பார்த்துவிட்டு அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினார்.

நவம்பர் 10

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், கரை அடியில் தண்ணீர் கசிகிறது. காலையில் தெளிவாக இருந்தது. மத்தியானம் செம்மண்ணாக வருது. கலங்கி வந்தா கரைய உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அர்த்தம். மாதாவே, இந்த வூட்ட நான் கட்டி முடிச்சே ரெண்டு வருஷந்தானே ஆவுது —

இனி யாரிடமும் கெஞ்சுவதில்லை.

அதே நாள், நஞ்சப்பண்ணா வீடு

வெள்ளச்சி, கன்று, கோழிக்கூடை, பரணில் ஏற்றிய அதே அரிசி மூட்டை, மாதா சுரூபம் எல்லாவற்றோடும் பொழுது சாய்வதற்குள் இங்கே வந்துவிட்டோம். எங்களைப் பார்த்து மற்ற ஆறு வீடும் ஆடு மாடோடு வந்துவிட்டது. நஞ்சப்பண்ணா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்ன ராணி இது, வூட்டையே காலி பண்ணிட்டியா?"

"கோடி தொறக்கறவரைக்கும் இங்கதாங்கண்ணா. நீங்கதான தாங்கும்னீங்க? கரை தாங்குதோ இல்லியோ, உங்க வாசல் தாங்கும்."

அவர் வாய் திறப்பதற்குள் அவர் வீட்டுக்காரம்மா தீர்த்தம்மாள் அண்ணி, "மழையில நிக்க வெச்சு என்ன பேச்சு, உள்ள வா," என்று மாதா சுரூபத்தை வாங்கிப் போய்த் தன் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளச்சி நேராகக் கார் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. யாரோ வீட்டு ஆடு அவருடைய ரோஜாச் செடியை மொட்டையடித்துவிட்டது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நவம்பர் 11

விடிந்ததும் நஞ்சப்பண்ணா யாரிடமும் சொல்லாமல் எங்கள் கொட்டகைப் பக்கம் போயிருக்கிறார். முழங்கால் வரை செம்மண்ணோடு திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கோடிக்கு நடந்தார். பின்னாலேயே ஊர் போயிற்று. வேர் பிடித்த சாக்குகளை வரிசை வரிசையாகப் பெயர்த்தார்கள். பெயர்த்ததை வீணாக்காமல் கசிவு இருந்த இடத்தில் கரைக்கு முட்டாக அடுக்கினோம். கசிவைப் பார்த்து மனசு மாறினாரா, காரின் மேல் சாணியைப் பார்த்தா? தெரியாது. கேட்கவும் போவதில்லை.

நவம்பர் 12

தண்ணீர் போகிறது. சத்தம் இங்கே வரை கேட்கிறது. நஞ்சப்பண்ணா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். "போவுதே, போவுதே," என்று மட்டும் சொன்னார். பாவமாக இருந்தது.

சாயங்காலம் கசிவு குறைந்து தெளிந்துவிட்டது. எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அப்பாடா.

நவம்பர் 15

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு செங்கல் நகரவில்லை. வெள்ளச்சிதான் வர மாட்டேன் என்றது. அண்ணி தவிடு வைத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்.

நவம்பர் 19

கீழ் ஊர்க்காரர்கள் தேங்காய், பழத்தோடு எங்கள் கோடிக்கு வந்தார்கள். சாக்கு வைத்த நாளிலிருந்து அவர்கள் ஏரிக்குத் தண்ணீரே போகவில்லையாம், இப்போது பாதி நிறைந்துவிட்டதாம். பெரியண்ணன் என்று ஒருத்தர் நஞ்சப்பண்ணா கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்கணும் நீங்க," என்றார். நஞ்சப்பண்ணா தரையைப் பார்த்தார். தேங்காயை என் பக்கம் நீட்டி, "நீ ஒடை, ராணி," என்றார்.

டிசம்பர் 7

மழை விட்டுவிட்டது. ஏரி கோடி மட்டத்தில் ததும்பி நிற்கிறது, கிணற்றில் கையால் மொள்ளலாம். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன இடத்தில் பையன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மழைதான் நின்றுவிட்டதே, ஒரே ஒரு வரிசை சாக்கு வைத்தால் என்ன என்று.

பால் வாங்க வந்திருந்த நஞ்சப்பண்ணா தூக்குப்போசியைக் கீழே வைத்தார். "வைங்கடா. ஆனா அடுத்த மழைக்கு அந்த ஏழு வூட்டு மாடும் உங்க வூட்டுக்குத்தான் வரும்."

நான் பாலை ஊற்றிவிட்டு, கறந்ததும் தவிட்டு ஆசையில் மறுபடி ஓடிவிட்ட வெள்ளச்சியைக் கூட்டி வர அவர் வீட்டுப் பக்கம் போனேன்.