ஐதரசன் சோடியாகத்தான் திரியும்

ஜூலை 5, சனி. காலையிலிருந்து தூறல்.

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். மஹய்யாவயில் இருபத்திரண்டு வருடமாக இரசாயன டியூஷன் எடுக்கும் நான், இன்று முகக்கவசம், தொப்பி சகிதம் கெலிஓயாவில், எனக்குப் போட்டியாக இரசாயனம் எடுக்கும் நசீமின் உயர்தர வகுப்பில், கடைசி வாங்கில். யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன் என்று வாசலில் புளுகினேன். காரணம் ஒன்றுதான். என் வகுப்பின் கெட்டிக்காரி பவித்ரா மூன்று கிழமையாக வரவில்லை. நசீமிடம்தான் ஓடியிருப்பாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அவளைக் காணோம். மழைக்கு வீட்டிலேயே நின்றுவிட்டாள் போலும்.

நசீம்: வயது முப்பது இருக்கும். தலைமுடியின் அடர்த்தி அளவிட முடியாதது. (என்னுடையது வெற்றிடத்தை நெருங்குகிறது.) எண்பது பிள்ளைகள். மின்விசிறி நான்கு. என்னிடம் ஒன்று, அதுவும் என்னை விட அதிகம் கதைக்கும்.

பலகையில் கணக்கு. ஒரு வாயு, அனுபவச் சூத்திரம் CH₂, ஐதரசனைப் போல் 28 மடங்கு அடர்த்தி. மூலக்கூற்றுச் சூத்திரம் என்ன? நசீம் 28ஐ இரண்டால் பெருக்கினான். 56. CH₂இன் 14ஆல் வகுத்தான். 4. ஆகவே C₄H₈.

ஆஹா, மாட்டினான்! 28 என்றால் C₂H₄ அல்லவா? கை தானாக எழுந்துவிட்டது.

“சேர், ரெண்டால எதுக்குப் பெருக்குறீங்க?”

முன்வாங்குச் சிறுமி திரும்பினாள். “ஐதரசன் சோடியாத்தானே திரியும் அங்கிள். H₂. அதுட திணிவே ரெண்டு.”

வகுப்பே சிரித்தது. அங்கிளாம்! இதே வரியை எத்தனை வருடம் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பொறாமை வந்தால் இரண்டாம் வாய்ப்பாடும் மறக்கிறது.

நசீம் கிட்டே வந்து குனிந்தான். “குரல்லயே ஆள் வெளங்குது. மஹய்யாவ சேர்தானே? ஏன் பின்னுக்கு இரிக்கிறீங்க? முன்னுக்கு வாங்க சேர்.”

மரியாதை வேறு. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு. வெயில், பேருக்கு.

செய்ய வேண்டியவை:
1. மின்விசிறிக்கு எண்ணெய்.
2. வேஷத்துக்கு இரவல் வாங்கிய மச்சானின் தொப்பியைத் திருப்பிக் கொடுக்க.
3. நசீமின் முடி சாயம் பூசியது என்று சலூனில் மெல்ல அவிழ்த்துவிட. (முடிந்தது. மற்ற இரண்டும் அப்படியே.)

மனைவியிடம் பாதிதான் சொன்னேன். “ஏங்க, அந்த நசீம் சேரு பாக்கவும் நல்லா இருப்பாராம்ல?” என்றாள். பகல் சோறு இறங்கவில்லை. இரண்டாம் தரம் மட்டும் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய். மறுபடி மழை.

சந்தையில் பவித்ராவின் அம்மா, கையில் லீக்ஸ் கட்டு. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“மகள் இப்ப கெலிஓயாவுக்கா போறா?”

“ஐயோ, இல்லைங்க சேர். அவ கொமர்ஸுக்கு மாறிட்டா.”

“எப்ப?”

“நீங்க அந்த வாயு அடர்த்திக் கணக்கு படிச்சுக் குடுத்தீங்களே, அன்னைக்கே.”