அமெரிக்கப் பெட்டியில் நம்ம சோழி

குகட்பள்ளி,
12.8.2006

அன்புள்ள உங்களுக்குக் கோமதி எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நம் பேத்தி சாருலதா, அமெரிக்க மியூசியத்துப் பழைய விளையாட்டுப் பெட்டிகளின் படங்களை இங்கிருந்தே பார்த்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பதிகிறாள். தப்பு விழுந்தால் வேலை நிரந்தரமாகாது. ஒரு பெட்டியில் சிலுவைக் கட்டமும் ஆறு சோழியும் இருந்தன. சோழியை 'அலங்காரம்' என்று எழுதியிருந்தாள்.

"ஏட்டி, அது தாயம்! சோழியை உருட்டி, வாய் மேலே விழுந்ததை எண்ணணும்."

"போங்க ஆச்சி, அமெரிக்காவுல ஏது தாயம்?"

ஆனாலும் மியூசியத்துக்கு எழுதிக் கேட்டாள். நான் சொன்னதே சரியாம்! நம் ஆட்டத்தைப் பார்த்து அங்கே செய்து விற்ற பெட்டியாம். வேலையும் நிரந்தரமாகிவிட்டது. சொன்னவர் படிப்பு என்ன என்று கேட்டார்களாம். ஐந்தாம் வகுப்பு என்றே போடச் சொன்னேன்.

இங்கே என்னோடு ஆட ஆளில்லை. நம் சோழிகளைக் கொடுத்தனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் சரி. குக்கர் கத்துகிறது. இதை, 'ஐந்தாம் வகுப்புதானே' என்று என்னைச் சொல்லிக்காட்டும் உங்கள் அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

கோமதி