உன் மச்சான் கேட்ட ஒரு கேள்வி

காரைக்கால்,
ஞாயிறு.

அன்புத் தம்பி குணசேகரனுக்கு,

அக்கா தமிழரசி எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைக் கீழே படித்துத் தெரிந்துகொள். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். திருமலைராயன்பட்டினம் கமாலுதீன் பாய் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுவதும் படி.

உன் மச்சானை ஊர்விலக்கு செய்யப் பார்க்கிறார்கள். வருகிற அமாவாசைக் கூட்டத்தில் முடிவு. விலக்கு விழுந்தால் எங்களோடு யாரும் பேசக் கூடாது. அவர் படகில் யாரும் ஏறக் கூடாது. எங்கள் மீனை ஏலத்தில் யாரும் கேட்கக் கூடாது. இத்தனைக்கும் அவர் செய்த குற்றம், கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டது.

ஊரில் புதிதாகச் சுருக்குமடி என்கிற அந்தப் பெரிய வலையை இறக்குவது பற்றிப் பேச்சு நடந்தது. உன் மச்சான் எழுந்து, "சுருக்குமடி குஞ்சையும் சேத்து அள்ளிடுமே, அடுத்த வருசம் சின்னப் படகுக்காரனுக்கு என்னங்க மிஞ்சும்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

கூட்டத்தில் பெண்கள் உட்காரக் கூடாதே, நாங்கள் கோவில் மதிலுக்கு வெளியே நின்று மைக்கில் வந்ததைக் கேட்டோம். பஞ்சாயத்துத் தலைவர் தங்கையன் சொன்ன பதில் என்ன தெரியுமா? "பெரிய வலையில பங்கு போட வக்கில்லாதவன் பொறாமையில பேசுறான்" என்றார். சரி, பொறாமை என்றே வைத்துக்கொள். பொறாமைக்காரன் மழை வருது என்று சொன்னால், காயவைத்த கருவாட்டை அள்ளாமல் விட்டுவிடுவோமா?

அடுத்து ஒருவர் எழுந்து, "ஊர்ப் பிள்ளைங்க பட்டினி கெடக்கட்டும்ங்கிறாரு தர்மலிங்கம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் மச்சான் எப்போது அப்படிச் சொன்னார்? சொல்லாததை அவர் வாயில் திணித்து, அதற்குப் பதிலும் சொல்லி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார் அந்த மனிதர். எல்லா ஊரிலும் போடுகிறார்கள், நாம் போட்டால் என்ன என்றார் இன்னொருவர். எல்லா ஊரும் அள்ளினால் குஞ்சு சாகாதா?

அதற்கடுத்த வாரம் காற்று சரியில்லை. படகெல்லாம் வெறுமனே திரும்பியது. உடனே, உன் மச்சான் வாய் வைத்ததால்தான் மீன் படவில்லை என்று ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கும்தான் அந்த வாரம் ஒன்றும் படவில்லை. அங்கேயும் போய் வாய் வைத்துவிட்டு வந்தாரா? கேட்டால் முறைக்கிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன கூட்டத்தில் தங்கையன் தன் செல்போனை மைக்கில் வைத்தார். வந்தது உன் குரல். "எங்க மச்சான் பேச்சையெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க. அவரு எட்டாவது தாண்டாதவரு. நான் வெளிநாட்டுல பாக்குறேன், இங்கெல்லாம் பெரிய வலதான்." கூட்டமே சிரித்தது. "சொந்த மச்சினனே சொல்லிட்டான், இதுக்கு மேல என்ன வேணும்" என்று தங்கையன் முடித்துவிட்டார்.

அடேய், எட்டாவது படித்தவர் கேட்டால் அது கேள்வி இல்லையா? மஸ்கட் படகில் பெரிய வலை இழுக்கிறாயே, அங்கே குஞ்சு மீன் என்ன ஆனது என்று ஒருநாளாவது யாரையாவது கேட்டாயா? அன்று அவர் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார். "அவன் தெரியாம பேசிட்டான், விடு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நீ செய்தது அநியாயம்.

இந்த இடத்தில், அம்மா போன பிறகு உன்னை யார் வளர்த்தது, நீ வெளிநாடு போக யார் அலைந்தது என்று அரைப் பக்கம் எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தால் தங்கையன் பேச்சு மாதிரியே இருந்தது. நான் சோறு போட்டதற்கும் சுருக்குமடிக்கும் என்ன சம்பந்தம்? அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். நன்றிக்காக நீ எதுவும் செய்ய வேண்டாம்.

அவர் சொல்வதுதான் சரி என்றும் நீ பேச வேண்டாம். அவர் தப்பாகவே இருக்கட்டும். அதை ஊர்க்காரர்கள் மீனைப் பற்றிப் பேசி, வலையைப் பற்றிப் பேசிச் சொல்லட்டும். அமாவாசைக்கு முன்னால் தங்கையனுக்கு இன்னொரு வாய்ஸ் அனுப்பு. "மச்சான் கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க" என்று மட்டும் சொல். உன் குரலை ஊர் கேட்கும் என்று தெரிந்துவிட்டதே.

மனமில்லாவிட்டால் விடு. விலக்கு விழுந்த பின் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கிறவனுக்கும் அபராதம் போடுவார்கள். அதனால் மாசியில் நீ ஊருக்கு வரும்போது நேரே சின்னம்மா வீட்டுக்குப் போய்விடு. தெருவில் என்னைக் கண்டால் பேசாமல் போ, நான் தப்பாக நினைக்க மாட்டேன். நீ வந்த அன்றைக்குச் சுறாப்புட்டு எப்போதும்போல் செய்துவிடுவேன். அதை உனக்கு எப்படிச் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

வேலையில் கவனமாக இரு தம்பி. மாரியம்மன் உன்னை நல்லபடியாகக் கரை சேர்க்கட்டும்.

உன் அக்கா,
தமிழரசி