அறுந்ததாகச் சொல்லப்படும் படகுக் கயிறு

அனுப்புநர்:
ஏனோஸ் வில்லர்ட்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
ஆல்டர்பரி, கீழ்க் கனடா.

பெறுநர்:
மாண்புமிகு அவைத் தலைவர் அவர்கள்,
சட்டமன்றம், கியூபெக்.

பொருள்: திரு. அசாஹெல் ப்ராக்டர் மூன்றாம் முறை உறுப்பினரானதாக அறிவிக்கப்பட்டதை விசாரித்து ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

"வாத்தியாரையா, அக்கரையிலேருந்து கத்திச் சொன்னா ஓட்டு ஆகாதா? என் குரல் அவங்களுக்கு நல்லாவே கேட்டுச்சே" என்று தாமர் ஹஸ்கெல் சென்ற வாரம் என்னைக் கேட்டார். அவர் கணவரை இழந்தவர். தம் பெயரில் நிலம் இருப்பதால் வாக்குரிமை உள்ளவர். முப்பத்தோராண்டு பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன நான் இந்தக் கேள்வியைத் தங்களிடம் கொண்டு வருகிறேன்.

1. திரு. ப்ராக்டர் ஒற்றைக் கோடரியோடு இவ்வூருக்கு வந்தவர். மர அறுவை ஆலை, படகுத்துறை உரிமை, குடிப்படைத் தலைமை, பிறகு சட்டமன்றம் என்று உயர்ந்தார். அவர் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆற்றுக்குப் பாலம் கட்டும் மசோதா அவைக்கு வந்த இரண்டு முறையும் கீல்வாதம் என்று படுத்துக்கொண்டார். இரண்டாம் முறை, அதே வாரம் ஒரு திருமண வீட்டில் விடியும்வரை நடனமாடியவரும் அவரே. பாலம் வந்தால் படகு எதற்கு?

2. பாலம் இல்லாததால் சென்ற மார்ச்சில் பனிக்கட்டி உடைந்தபோது மருத்துவர் இக்கரையிலேயே நின்றார். அக்கரையில் தாமரின் கணவர் இறந்தார். இம்முறை அக்கரையார் இருபத்தாறு பேரும் எதிர்வேட்பாளருக்கே வாக்களிக்க இருந்தனர்.

3. இக்கரைத் துறையில் போட்ட மேசைமுன் வந்து, வேட்பாளரின் பெயரை வாயால் சொல்லி ஒரு மணி நேரம் எவரும் வாக்களிக்காவிட்டால் வாக்குப்பதிவை மூடலாம் என்பது தாங்கள் அறிந்த வழக்கம். அதனால்தான் எந்தக் கட்சியும் சிலரைக் கையிருப்பாக நிறுத்தி, மணிக்கு ஒருவராக அனுப்பும். எதிர்வேட்பாளரை ஆதரித்த இக்கரையாராகிய நாங்கள் ஆர்வக்கோளாறில் முதல் இரண்டு நாளிலேயே வாக்களித்துத் தீர்த்துவிட்டோம். நானும்தான். கையிருப்பு முழுவதும் அக்கரையில்.

4. மூன்றாம் நாள் காலை, முதல் படகு புறப்படுமுன், படகை இழுத்துச் செல்ல ஆற்றின் குறுக்கே கட்டிய இழுகயிறு அறுந்தது. ஆலையின் ஓடங்கள் இரண்டும் அன்றைக்கென்று தார் பூசக் கவிழ்க்கப்பட்டிருந்தன. தேர்தல் அதிகாரி திரு. கிட்ரிட்ஜ், ப்ராக்டரின் மைத்துனர். இரண்டு நாளும் சட்டைப்பையை விட்டு எடுக்காத கடிகாரத்தை அன்று மேசைமேல் வைத்துக்கொண்டார்.

5. தாமர் நிலப்பத்திரத்தை உயர்த்திப் பிடித்து, வேட்பாளரின் பெயரை மூன்று முறை உரக்கச் சொன்னார். "நீந்தி வா தாயி, எழுதிக்கிறோம்" என்று ஆலையாட்கள் சிரித்தார்கள். அதிகாரி தலை நிமிரவில்லை. "மணி ஆச்சு, ஒருத்தரும் வரல" என்று புத்தகத்தை மூடினார். ப்ராக்டருக்கு எட்டு வாக்கு கூடுதல். அடுத்த கால் மணியில் புதுக்கயிறு கட்டிப் படகு ஓடியது. அத்தனை நீளக் கயிறு யார் கைக்கருகே, எதற்காகக் காத்திருந்தது?

இந்தத் தேர்வை ரத்து செய்து, அக்கரையாரின் இருபத்தாறு குரல்களையும் கேட்ட பிறகே முடிவு அறிவிக்கப்பட ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

துறையில் வீசப்பட்ட பழைய கயிற்றின் நுனியைத் தாமர் எடுத்து வைத்திருந்தார். அதை இணைத்துள்ளேன். ஒப்பிடுவதற்காக, போன மாதம் தானாக இற்று அறுந்த என் கிணற்றுக் கயிற்றின் நுனியும் உடன் உள்ளது. ப்ராக்டர் தரப்பைக் கேட்குமுன், இரண்டு நுனிகளையும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

இடம்: ஆல்டர்பரி
நாள்: 9 நவம்பர் 1830

தங்கள் விசாரணையை எதிர்நோக்கும்,
ஏனோஸ் வில்லர்ட்