அன்ரனுக்குத் தீத்தாத சோறு

என் அக்கா, என் செல்ல அக்கா,

உன் மகன் இன்று சோறு சாப்பிட்டான். குழையக் காய்ச்சிய சோற்றில் பூசணிக்காயும் ஓரா மீனும் மசித்து, வாய் வாயாய்த் தீத்தினேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். சந்தோஷமாக எழுதவேண்டிய செய்திதான். எனக்குக் கை வரவில்லை.

அவனைப் பெற்றுப்போட்டு நீ கண்ணை மூடிய அன்று, என் கைக்குழந்தை டிலானியோடு அவனுக்கும் சேர்த்துப் பால் கொடுக்கத் தொடங்கினேன். செத்தவீட்டிலேயே அத்தான் சொல்லிவிட்டார். "பால்குடி மட்டும் உன்னோட இருக்கட்டும் தங்கச்சி. சோறு தின்னத் தொடங்கினா இலுப்பைக்கடவைக்குக் கொண்டுபோறன். என்ர அக்கா வளர்ப்பா." நானும் ஓம் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்ல?

ஆறு மாதம் முடிந்ததும் கிளினிக்கில் சோறு தொடங்கச் சொன்னார்கள். நான் தொடங்கவில்லை அக்கா. அத்தான் போனில் கேட்கும்போதெல்லாம், "வாயில வச்சாத் துப்புறான் அத்தான்" என்றேன். பச்சைப் பொய். ஒரு வாய்கூட நான் வைத்துப் பார்க்கவில்லை.

டிலானிக்குத் தீத்தும்போது அவன் பாயில் இருந்து என் கையையே பார்ப்பான். அவள் வாய் திறந்தால் தானும் திறப்பான். உடனே தூக்கிப் பால் கொடுத்து வாயை அடைத்துவிடுவேன். அவனை விட மனமில்லாமல் அவன் வயிற்றையே காயப்போட்டேனே, இதை எந்த முகத்தோடு உனக்குச் சொல்ல?

நேற்றுக் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தார்கள். நிறை கூடவில்லை. மிட்வைஃப் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, வீட்டில மீன் இல்லையே?"

தாழ்வுபாட்டுக் கடற்கரையில், முற்றமெல்லாம் மீன் காயவிட்டிருக்கிற என்னிடம் கேட்கிற கேள்வியா இது! "இருக்கு மிஸ்" என்றேன்.

"அப்ப இவனுக்கு ஏன் இல்லை?"

அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் என் மனுசனிடம்கூட மூச்சு விடவில்லை.

இன்று மத்தியானம் டிலானி சிந்திய சோற்றை அவன் பாயிலிருந்து வழித்து வாயில் போட்டான். நான் பறித்துவிடுவேன் என்று பயந்தவன் மாதிரி, என்னைப் பார்த்துக்கொண்டே பல் முளைக்காத முரசால் மென்றான். ஐயோ அக்கா! அப்படியே எழும்பிப்போய் அவனுக்கென்று உலை வைத்தேன்.

சாப்பிட்டு முடிந்ததும் நானே அத்தானுக்குப் போன் எடுத்தேன்.

"அன்ரன் சோறு தின்னுறான்."

"இப்ப துப்பேல்லையே?"

"அவன் ஒருநாளும் துப்பேல்லை அத்தான். நான்தான் தீத்தேல்லை."

 "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாறன்" என்றார். இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

அதுவரைக்கும் மூன்று வேளையும் டிலானிக்கு முன்னம் அவனுக்குத்தான் தீத்துவேன். அவர் வரும்போது அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாலும், விரலைக் கழற்றி நானே கொடுப்பேன். பூசணி என்றால் வாயைத் திறப்பான் என்று அவருடைய அக்காவுக்குச் சொல்லிவிடுவேன். அது எனக்கே இன்றுதான் தெரியும். அவன் வயிறு நிறைந்துதான் என் வாசலைத் தாண்டுவான் அக்கா. இது சத்தியம்.

இனி அவனுக்குச் சின்னம்மா மட்டுமான,
உன் தங்கச்சி