மணி அடிக்காத வீடியோ கேம்

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்காமல் என் கையடக்க வீடியோ கேமை உங்கள் அக்கா மகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, “அதான் போன்லயே எல்லா கேமும் இருக்கே” என்றீர்கள். நேற்று பஸ்ஸில் போனில் விளையாடிப் பார்த்தேன். ஜெயிக்கப் போகிற நேரத்தில் மூன்று முறையும் நீங்கள்தான் கூப்பிட்டீர்கள், நீலச் சட்டை எங்கே என்று. ஆஸ்பத்திரி வரவேற்பில் நாளெல்லாம் போன் எடுக்கிறவள் நான். யாரும் என்னைக் கூப்பிட முடியாத பொருள் என்று என்னிடம் அந்த வீடியோ கேம் ஒன்றுதான் இருந்தது.

அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

குழாய் ரிப்பேர்காரர் நாலு மணிக்கு என் போனுக்குத்தான் கூப்பிடுவார். நீங்களே எடுங்கள், மேசை மேல் வைத்திருக்கிறேன்.

பி.கு.: நீலச் சட்டை கொடியிலேயே கிடக்கிறது. போனில்தான் எல்லாம் இருக்கிறதே, இனி அதோடு குடித்தனம் நடத்துங்கள்.